டிசம்பர் தாளில் ஒரு வீடு

கண் ஆஸ்பத்திரிக் கதவை அம்மா தள்ளினாள். அது திறந்தது. அந்த எண்ணம் என் தலையில் விழுந்தது அப்போதுதான்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அம்மா எந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தாலும் கதவைத் தள்ளத்தான் செய்வாள். பேங்கில், ஜவுளிக் கடையில், என் கல்லூரி முதல்வரின் அறையில் என எல்லா இடத்திலும் உள்ளேயிருந்து தோளால் ஒரு தள்ளு தள்ளுவாள். கதவு அசையாது. "பூட்டிட்டாகளா?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கையை நீட்டி உள்பக்கம் இழுத்துத் திறந்துவிடுவேன். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியே பாதி ஆயுளைக் கழித்தவளுடைய தோளுக்கு வேறு பழக்கம் கிடையாது. அங்கே ஒவ்வொரு ரூமுக்கும் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். நிலைக்குக் கீழே படி வைக்க மாட்டார்கள். ஒரு பொறி விழுந்தால் ஆட்கள் யோசிக்காமல் ஓட வேண்டும். கதவை இழுத்துக்கொண்டு நிற்க அங்கே நேரம் இருக்காது.

வீடுகளில் அப்படிச் செய்ய மாட்டார்கள். விருதுநகரில் காசு உள்ளவரும் சரி, இல்லாதவரும் சரி, வீட்டுக் கதவு உள்ளே திறந்தால்தான் லட்சுமி உள்ளே வருவாள் என்று நம்புகிறவர்கள். ஆகவே இந்த ஆஸ்பத்திரியின் கதவு அம்மாவின் தோளுக்கு வழிவிட்டு விரியத் திறந்ததும், அதை எதிர்பாராத அம்மா வராந்தாவில் ரெண்டு எட்டு ஓடி நின்றாள்.

"ஏ புள்ள, இதக் கட்டுனவன் கம்பெனில வேல பாத்தவன்டி" என்று சிரித்தாள்.

அவள் வேடிக்கைக்குச் சொன்னாள். நான் மதுரையில் கட்டடக் கலை படிக்கிறேன், அப்போது நான்காம் வருடம். எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிற வயசு. திரும்பி உள்ளே போய் அந்தக் கட்டடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். எத்தனையோ தடவை பஸ்ஸில் அதைத் தாண்டியிருக்கிறேன், பழைய சர்க்கார் கட்டடம் என்று நினைத்து. டாக்டர் உட்காரும் அறை தனி, மருந்து கொடுக்கும் அறை தனி, நோயாளிகள் காத்திருக்கும் கூடம் தனி. ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. இடையில் வானம் தெரிந்தது. அறையிலிருந்து அறைக்குப் போக மெலிசான கான்கிரீட் கூரை மட்டும் ஓடியது. சன்னலுக்கு வெளியே செங்குத்தாகப் பலகை பலகையாய் கான்கிரீட் நின்று மேற்கு வெயிலை அரிந்து உள்ளே அனுப்பியது. பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டிருப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்று போகக்கூடாது என்று. அந்த இடைவெளியை ஒருவர் கொண்டுவந்து கண் ஆஸ்பத்திரியில் வைத்து அழகாக்கியிருந்தார்.

கம்பவுண்டரிடம் கேட்டேன். "இதக் கட்டுனது யாருண்ணே?"

"அந்தா கல்லுல போட்டிருக்குல்ல."

கல்லில் திறந்து வைத்தவர் பெயர், இடம் கொடுத்தவர் பெயர், காண்ட்ராக்டர் பெயர் இருந்தன. "பிளான் போட்டவுக யாருன்னு கேக்கேன்."

"பிளானா? பழைய டாக்டர் சொல்லுவாரு, ஆமத்தூர்ப் பக்கம் ஒருத்தர்னு. பட்டணத்துல படிச்சவராம். உங்க..." என்று நிறுத்தினார். எங்கள் ஊரும் தெருவும் எழுதிய சீட்டு அவர் கையில் இருந்தது. "உங்க ஆளுகதான்" என்று முடித்தார்.

உங்க ஆளுக என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. முன்பு மற்றவர் நிலத்தில் கூலி வேலை, இப்போது கம்பெனி பஸ். அந்தக் காலத்தில், எங்கள் தெருக்காரர்கள் பொதுக் கிணற்றுப் பக்கம் போக முடியாத காலத்தில், ஒருவர் படித்து, வரைபலகை வாங்கி, ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கான்கிரீட்டில் கட்டடம் வரைந்து கொடுத்திருக்கிறார். நான் இதைக் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்களில் கட்டடக் கலை படித்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் சந்தோஷத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. என் முதலிடம் போய்விட்டது.

அந்த வாரம்தான் கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை புரட்டியிருந்தேன். அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கட்டடக் கலைஞர் கட்டிய வீடுகளை, இடிபடுவதற்கு முன் மாணவர்கள் அளந்து வரைகிறார்கள். என் வயசுப் பிள்ளைகள், கையில் டேப்போடு, ஒரு வெள்ளை வீட்டு முன்னால் வெயிலில் கண் கூசிச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இவர்களுக்கு ஒருத்தர் கிடைத்துவிட்டார், எனக்கு யார் கிடைப்பார் என்று. இப்போது கிடைத்துவிட்டார். அவர் கட்டடங்களைக் கண்டுபிடித்து, அளந்து, அவர் பெயரை முதன்முதலாக அவற்றின் மேல் எழுதுகிறவள் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், திங்கட்கிழமை அதை அவளிடம் சொன்னதில்.

அவள் என் வகுப்பு. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிற குடும்பம். வகுப்பில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால், முதல் நாளிலிருந்தே எங்களை ஜோடியாக்கிவிட்டார்கள். அவளோடு பழகுவது ரொம்ப சுலபம். அதுதான் தொந்தரவு. ஆசிரியர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்னை ரோல் நம்பர் சொல்லி. மறுநாள் வரைபடம் கொடுக்க வேண்டுமென்றால் நான் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்; அவள் சாப்பிட்டு, தலைமுடியை உலர்த்தி, அதற்குப் பிறகு வரைய உட்கார்ந்து எனக்கு முன்னால் முடித்துவிடுவாள். அவள் போடும் கோடு ஆரம்பிக்கிற இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரே கனமாக இருக்கும். அந்தக் கோட்டை நான் அவள் இல்லாதபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் கேமரா இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. அவளிடம் ஒன்று இருந்தது, மணிக்கட்டில் வாரோடு.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "ஏய், சூப்பர்டி. காலண்டர் போட்ருவோம்!"

"காலண்டரா?"

"மாசத்துக்கு ஒரு கட்டடம். அப்பாகிட்ட நான் சொல்லுதேன்."

"நான் புத்தகம் மாதிரி நெனச்சேன். அளந்து, வரைஞ்சு..."

"புத்தகத்த யாரு வாங்குவா? காலண்டர்னா ஆணி அடிச்சு வீட்டுக்குள்ள மாட்டுவான். தெனமும் பாப்பான்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. "பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவள் வீட்டில் சரி என்று அர்த்தம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் தனியாக மினி பஸ்ஸில் அலைந்தேன். என்னிடம் கேமரா இல்லை, ஆனால் அவளிடம் இல்லாத ஒரு வழி இருந்தது. பழைய கான்கிரீட் கட்டடம் எதைக் கண்டாலும் உள்ளே போய்த் தண்ணீர் கேட்பேன். குடித்துவிட்டு வெளியே வரும்போது கதவைத் தள்ளுவேன், அம்மா மாதிரி. திறந்தால் அவருடையது. இப்படித் தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு ஊதித்தான் ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தையும், மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு பருத்திக் கிட்டங்கியின் ஆபீசையும், சிவகாசி ரோட்டில் ஒரு பழைய தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசையும் கண்டுபிடித்தேன். எல்லாவற்றிலும் அறைகள் விலகி நின்றன, கதவுகள் வெளியே திறந்தன.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு பருப்பு வியாபாரியின் வீடு மட்டும் ஒத்து வரவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் அதே செங்குத்துப் பலகைகள். உள்ளே கால் வைத்ததும் தெரிந்துவிட்டது: கருங்கல் படி, உள்ளே திறக்கும் கதவு. யாரோ மேஸ்திரி பார்த்துக் காப்பியடித்தது என்று, தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில்தான் பிளான் போட்டவருடைய பெயரும், அவருக்கு ஒரு மகள் இருப்பதும் தெரிந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் வேலை. ஓய்வு பெறப் போகிற வயசு. அவர் காலமாகி வெகுநாளாகிவிட்டது என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அந்த அம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். புடவை மடிப்புக் கலையாமல், பேச்சிலும் மடிப்புக் கலையாமல் இருந்தார்.

"மேடம், நான் உங்கப்பா கட்டடங்களப் பத்தி..."

"அத்தைன்னு கூப்பிடு. எந்தத் தெரு நீ?" சொன்னேன். தலையசைத்தார். "அப்பா வரைஞ்ச படம்லாம் பாக்க வந்தியாக்கும்?"

"படம் இருக்கா அத்தை?" நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"நேத்துவரைக்கும் இருந்துச்சு. உன் கூட்டாளி வந்து கார்ல ஏத்திட்டுப் போயிட்டாளே. பிரஸ்ல பெரிய மிஷின் இருக்காம், ஸ்கேன் எடுத்துட்டுப் பத்திரமாத் தாரேன்னா. நீயும் அவளும் சேந்துதானே செய்யுதீக? உன் பேரச் சொல்லித்தான் வந்தா."

வெளியே எடுத்து வைத்திருந்த டேப்பையும் பென்சிலையும் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"தங்கமான புள்ள" என்றார் அத்தை. "செருப்ப வாசல்ல விட்டுட்டு வந்தா. தரையில உக்காந்தா. காப்பி குடுத்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சா. அம்புட்டுப் பெரிய இடத்துப் புள்ள!"

என் முன்னால் ஒரு டம்ளர் காப்பி இருந்தது. அதை நானும்தான் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். என் செருப்பும் வாசலில்தான் கிடந்தது. அதை யாரும் தங்கம் என்று சொல்லப் போவதில்லை. அவள் குடித்தால் பெருந்தன்மை, நான் குடித்தால் காப்பி. இதை யார் மேல் கோபமாகத் திருப்புவது என்று தெரியவில்லை. அவள் மேல் திருப்புவதுதான் வசதியாக இருந்தது.

கதவைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கதவு ஒரு கிறுக்கு" என்றார் அத்தை. பிறகு சொன்னதை அதே குரலில் சொன்னார், ஆபீசில் மனு வாசிப்பதுபோல. "அவரோட அக்கா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவ. அப்ப சட்டம் கிட்டம் ஒண்ணும் கெடையாது, வீட்டு ரூம்லயே வேல. தீ புடிச்சதும் எல்லாரும் ஓடி வந்து கதவுமேல விழுந்துட்டாக. கதவு உள்பக்கம் தெறக்குறது. விழுந்த கூட்டத்த மீறி எவனால இழுக்க முடியும்? அப்பா அப்ப பள்ளிக்கொடத்துல இருந்தாரு."

அத்தை காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வீடு கட்டிக் குடுத்தா, கிரகப்பிரவேசத்துக்கு மொத நாளு போயி ஒவ்வொரு கதவா தள்ளிப் பாத்துட்டு வந்துருவாரு. மறுநாளு விசேஷத்துக்குப் போகமாட்டாரு. கூப்புட மாட்டாக. வீட்டுப் பிளான் வேணும், ஆளு வேண்டாம். அவரும் அதப்பத்தி வாயத் தொறக்கமாட்டாரு. கதவு சரியாத் தெறந்துச்சான்னு மட்டும் கேட்டுக்குவாரு."

திரும்பும்போது பஸ்ஸில், அவருக்காக அழுதேனா அவள் காரில் போன படங்களுக்காக அழுதேனா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். வெளியூர் ஆர்டரெல்லாம் அதைப் பார்த்துத்தான் வரும். அந்த நாளைத் தவறவிட்ட காலண்டரை அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்குச் சில நாள் முன்னால் அவள் என்னைப் பிரஸ்ஸுக்கு வரச் சொன்னாள். போகக்கூடாது என்று நினைத்தேன். முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன்.

மை வாசமும் மிஷின் சத்தமும் நிறைந்த கூடத்தில், மேஜை மேல் புரூஃப் தாள்களை விரித்து வைத்திருந்தாள். ஜனவரியில் கண் ஆஸ்பத்திரி. நான் பார்த்த அதே வராந்தா. ஆனால் அவள் அதை எடுத்திருந்த நேரத்தில் அந்தக் கான்கிரீட் பலகைகளின் நிழல் தரையில் சாய்ந்து, வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளின் கால்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. நான் அங்கே எத்தனை தடவை போனேன்! அந்த நிழலைப் பார்க்கவே இல்லை.

"பேரு எங்க?" என்றேன். மாதக் காலண்டரின் அடிப்பகுதி கடைக்காரருக்கு உரியது. மளிகைக் கடையோ நகைக் கடையோ வாங்குகிறவர் தன் பெயரை அங்கே அடித்துக்கொள்வார். கட்டடக் கல்லில் நடந்ததே காலண்டரிலும் நடக்கும் என்று பிடித்துவிட்ட திருப்தி எனக்கு.

"இங்கன பாரு" என்று விரலை வைத்தாள். படத்துக்குள்ளேயே, ஆஸ்பத்திரிச் சுவர்மேல், வெள்ளை எழுத்தில் அவர் பெயர் இருந்தது. சுவரோடு சுவராக. "அடியில போட்டா கடக்காரன் அவன் பேர அடிச்சிருவான். படத்துக்குள்ள போட்டா எவனாலயும் எடுக்க முடியாதுல்ல?"

அதை நான் யோசித்திருக்க வேண்டும். பெயரைப் பற்றிக் கவலைப்பட்டவள் நான். வழி கண்டுபிடித்தவள் அவள். அந்தப் பெயரை நான் இதுவரை எங்கேயும் எழுதவில்லை, இந்தப் பக்கத்திலும் எழுதப் போவதில்லை. என் கையால் முதலில் எழுத வேண்டிய இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தெரிந்துகொள்ள அவசரம் உள்ளவர்கள் அந்தக் காலண்டர் தொங்குகிற வீட்டில் போய்ப் பாருங்கள்.

ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். எல்லாம் நன்றாக இருந்தது. குறை தேடுகிறவளுக்கு அதைப்போலக் கொடுமை வேறு கிடையாது. கடைசியில் டிசம்பர் வந்தது. பருப்பு வியாபாரி வீடு.

என் மனசு துள்ளியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

"இது அவரோடது இல்ல."

"என்னடி சொல்லுத?"

"அத்தைகிட்ட வாங்குனியே, அதுல இந்த வீட்டுப் படம் இருந்துச்சா?"

"இல்ல. பாதி கரையான் அரிச்சுப்போச்சு. நானாத்தான் கண்டுபுடிச்சேன்."

"கதவ ஒருதடவ தெறந்து பாத்தியா? உள்ள தெறக்குது. கீழ கல்லுப் படி வேற. அவரு வாழ்க்கையில அப்படி ஒரு கதவு போட்டதில்ல."

அவள் முகம் சுருங்கியது. அதை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆனா நடுவுல வெளிச்சம் எறங்குற எடம் அப்படியே ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சே" என்றாள் மெதுவாக. "பாத்த ஒடனே அவருன்னு தோணுச்சு."

"தோணுனா போதுமா?"

"அப்ப நீ பாத்துச் சொல்லு. தப்பா ஒரு வீட்டுமேல அவரு பேரு வரக்கூடாது. திங்கக்கெழம அச்சுக்குப் பிளேட் போடுதாக. உன் பேச்சுதான் கடைசி."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தீர்ப்புச் சொல்கிற நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு, அவளையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனேன். அவள் தோள்தான் என் சாட்சி.

பருப்பு வியாபாரி வீட்டு அம்மா யார் வந்தாலும் சிரிக்கிற சிரிப்போடு வரவேற்றார். காலண்டருக்கு என்றதும், "அன்னைக்கு ஒரு புள்ள வந்து போட்டோ எடுத்துச்சே" என்றார். நாங்கள் உள்ளே போனோம். வெளியே வரும்போது, நான் நினைத்தபடியே, அம்மா கதவைத் தள்ளினாள், கதவு வரவில்லை.

"பாத்தியா?" என்றேன், யாரிடமோ வாதத்தில் ஜெயித்த மாதிரி.

நான் கதவை இழுத்துத் திறந்ததும் அம்மா நிலையைத் தடவிக்கொண்டிருந்தாள், பெயிண்ட் நன்றாக இருக்கிறதே என்று. அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். நிலையின் வெளி ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில், மரம் ஒரு இடத்தில் லேசாக மேடு தட்டியிருந்தது. உள்ளங்கை அளவு நீளம். கீழே அதே மாதிரி இன்னொன்று. நகத்தால் கீறினேன். பெயிண்ட் உதிர்ந்து, உள்ளே ஓட்டை அடைக்கிற பட்டி வெள்ளையாகத் தெரிந்தது. கீல் இருந்த பள்ளம். பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இந்தக் கதவு ஒரு காலத்தில் வெளிப்பக்கம் திறந்த கதவு.

"ஏன்மா, கதவ மாத்துனீகளா?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமா. வாஸ்துக்காரர் வந்து, கதவு வெளிய தெறந்தா லட்சுமி வெளிய போயிருவான்னுட்டாரு. கீழ படி வேற இல்லாம இருந்துச்சு, மொட்டையா. எல்லாக் கதவையும் திருப்பி மாட்டி, படிக்குக் கல்லு எறக்குனோம். ஏன் கேக்க?"

படியைப் பார்த்தேன். மற்ற தரையெல்லாம் பழைய சிவப்புச் சிமெண்ட். படி மட்டும் பளபளக்கும் புதுக் கருங்கல். எத்தனை பெரிய சாட்சி! போன தடவை அதைத் தாண்டித்தான் உள்ளே கால் வைத்தேன். நடுமுற்றத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒட்டாமல் நிற்கிற இரண்டு அறைகளுக்கு நடுவில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரியில் இறங்குகிற அதே வெளிச்சம். கதவைப் பார்த்த அவசரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. அவள் கதவைப் பார்க்காமல் அதைப் பார்த்திருக்கிறாள்.

"எங்க மாமனார் காலத்துல கட்டுனது" என்றார் அந்த அம்மா. "யாரோ இன்ஜினியர்."

யாரென்று சொன்னேன். ஊரையும் சொன்னேன். அந்த அம்மாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்படியா" என்றார். "வீட்டுப் படம் போடுங்க, நல்லதுதான். பேரெல்லாம் எதுக்கு?"

"பேருக்குத்தாம்மா காலண்டரே" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள்.

"அவுக வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்" என்று உள்ளே போய்விட்டார்.

தெருமுனையில் ஒரு ரூபாய் காயின் போன் இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். அம்மா ஒரு பக்கம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"உன் கூட்டாளி வீட்டப் பாத்தா, நீ கதவப் பாத்திருக்க. நல்ல படிப்புடி."

"நீ சும்மா இரும்மா."

"போன் போட்டுச் சொல்லு. அந்த மனுசன் வீடு அந்த மனுசனுக்குத்தானே போகணும்."

காசைப் போட்டேன். சொன்னேன். கீல், பட்டி, புதுப் படி, எல்லாம். பேரைப் பற்றி அந்த அம்மா சொன்னதையும். அந்தப் பக்கம் ஒரு கத்தல். சந்தோஷத்தில் அவள் யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வது கேட்டது. "ஏய், நான் சும்மா தோணுதுன்னு போட்டேன். நீ நிரூபிச்சிட்டடி! பேருக்கு நீ கவலப்படாத, அப்பா அந்த அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தை. அன்று சாயங்காலமே சொன்னாராம், சரியாகிவிட்டதாம். அம்மாவை என் இடுப்பில் கிள்ள வைத்த விஷயம் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை. அவளுக்குக் கண் இருந்தது, கேமரா இருந்தது, ஒரு வார்த்தை சொல்ல அப்பா இருந்தார். எனக்கு இருந்த ஒரே ஆயுதம் கதவு. அதைக் கொண்டு அவளைத் தப்பு என்று நிரூபிக்கப் போய், அவள் சரி என்று நிரூபித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் போகாமல் இருந்திருந்தால் டிசம்பர் தாள் வெறும் ஊகமாக இருந்திருக்கும். என் பொறாமைதான் அதற்கு முத்திரை குத்தியது.

ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வெளியானது. ஆர்டர்கள் வந்தன. அத்தைக்கு ஒரு பிரதி அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள், படங்களையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். சொன்ன சொல் மாறவில்லை. அதிலும் குறை சொல்ல வழியில்லை. கடைசித் தாளின் ஓரத்தில் என் பெயரும் இருக்கிறது, கதவுகளைக் கண்டறிந்தவர் என்று. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள். நான் வேண்டாம் என்றேன். காலண்டரில் இருப்பது படம். ஒரு கட்டடத்தைப் படம் பிடித்தால் அது எப்படித் தெரிந்தது என்று இருக்கும். அளந்து வரைந்தால்தான், நாளைக்கு அதை இடித்தாலும், யாராவது திரும்பக் கட்ட முடியும்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருக்கிற நேரம் இது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. அதன் பழைய ரூம்கள் எல்லாம் அவர் போட்டவை என்று அத்தை சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் பருப்பு வியாபாரி வீட்டுக்கும் மூலமே அந்த ரூம்கள்தான். பக்கத்துக் கம்பெனிக்குத்தான் அம்மா போகிறாள். கம்பெனி பஸ் சன்னலிலிருந்து தூரத்தில் பார்த்திருக்கிறாள், சின்னச் சின்னதாக, ஒன்றை ஒன்று பார்க்காமல் திரும்பி நிற்கிற ரூம்கள் என்று. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கேட்டுக்குள் கேமரா போகக்கூடாது. பாட்டரி உள்ள எதுவும் கூடாது. இரும்பு டேப்பும் கூடாது, தரையில் உரசிப் பொறி வந்துவிடும். தையல்காரர் வைத்திருக்கிற துணி டேப், மர ஸ்கேல், பென்சில், வெறுங்கால். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நன்றாக இருக்காது. அவள் மணிக்கட்டு வாரோடு கேட்டில் நிற்கிற காட்சியைப் பலதடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அனுமதி வாங்கித் தந்தது அவளுடைய சித்தப்பா. அதுவும் ஒரு வார்த்தைதான்.

நேற்று போன் செய்தாள். "நானும் வாரேன். கேமராவ வீட்ல வச்சிட்டு வாரேன். எனக்கு அங்கன என்ன வேலன்னு நீ சொல்லு."

யோசித்தேன். துணி டேப்பின் ஒரு முனையைக் கல் வைத்து அழுத்தித்தான் இத்தனை நாள் அளந்துகொண்டிருந்தேன். காற்றடித்தால் கல் நகரும், அளவு தப்பும். பருத்திக் கிட்டங்கியை இரண்டு தடவை அளந்தும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

"டேப்போட அந்த முனையப் புடிச்சுக்கோ" என்றேன். "நம்பர நான்தான் படிப்பேன். நான்தான் எழுதுவேன்."

"சரி" என்று உடனே சொல்லிவிட்டாள். கொஞ்சமாவது சண்டை போட்டிருக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். முதலில் ஒவ்வொரு ரூமுக்குள்ளும் நின்று கதவைத் தள்ளிப் பார்க்கப் போகிறேன், அவர் செய்தது மாதிரி. பிறகு அளவு. வரைதாளின் வலது மூலையில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதில் அவர் பெயரை என் கையால் எழுதுவேன். கீழே இருக்கிற கட்டத்தில் அளந்தவர்கள் பெயர் வர வேண்டும். அதில் எந்தப் பெயர் முதலில் என்று அவள் கேட்க மாட்டாள் என்று தெரியும். வரைபடத்தின் கோடு மட்டும் அவள் போடட்டும் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.